சல்பேட்டா, சல்பைடா?

"எத்தனை நாள்தான் ரசாயனப் பெயரையே எழுதிக்கிட்டிருக்கிறது, மேடம்? மருந்து கலக்க எப்போ சொல்லித் தருவீங்க?"

கேட்டவள் செண்பகவடிவு. பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்தவள். பயிற்சிக்கு வந்த ஆஸ்பத்திரியின் தலைமை மருந்தாளுநர் ரஹமத்நிஷா அவளைவிட இளையவர்.

ரஹமத்நிஷா ஒரு வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கலக்கினார்.

"இது என்ன?"

"எக்ஸ்ரேவுக்கு முன்னாடி குடிக்கக் கொடுப்போமே, பேரியம்."

"முழுப் பெயர்?"

"பேரியம் சல்பேட்."

ரஹமத்நிஷா ஒரு மடக்குக் குடித்தார்.

பிறகு கரும்பலகையில் எழுதினார்: பேரியம் சல்பைடு.

"இது?"

"முதலில் உலோகம். அதன் பெயர் மாறாது. அடுத்தது கந்தகம். 'ஐடு' என்று முடிந்தால் கந்தகம் மட்டும். 'ஏட்' என்றால் கூடவே ஆக்சிஜனும் இருக்கும்."

"சரியாகச் சொன்னாய். இதைக் குடிக்கலாமா?"

"இதுவும் பேரியம்தானே, மேடம்?" என்றாள் வடிவு.

"சல்பேட் கரையாது. வயிற்றுக்குள் போய் அப்படியே வெளியேறிவிடும். சல்பைடு கரையும். பேரியம் ரத்தத்தில் ஏறும். இதயம் நின்றுவிடும்."

வடிவு பேனாவைத் திறந்தாள். அன்று முழுவதும் பெயர் எழுதினாள். முணுமுணுக்கவில்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு காலையில் எக்ஸ்ரே அறையில் ஒரு பெரியவர் வெறும் வயிற்றோடு காத்திருந்தார். அலமாரியில் இருந்த பொடி தீர்ந்துபோயிருந்தது. புதிதாக வந்த பெட்டியை ரஹமத்நிஷா அவசரமாகப் பிரித்தார். முதல் டப்பாவின் மூடியைத் திறந்து கரண்டியை விட்டார்.

வடிவு அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடு வடிவு. ஆள் காத்திருக்கிறார்."

"மேடம், பெயரின் கடைசியைப் பாருங்க."

ரஹமத்நிஷா டப்பாவைத் திருப்பினார்.

சல்பைடு.

அனுப்பியவர்கள் மாற்றி அனுப்பியிருந்தார்கள்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு பெட்டி முழுவதையும் அவள் பக்கம் நகர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வடிவு அடுத்த டப்பாவை எடுத்தாள்.

தொலைபேசி அலறியது. டாக்டர்.

"ஏன் இவ்வளவு தாமதம்? அங்கே என்னதான் நடக்கிறது?"

ரஹமத்நிஷா நிமிர்ந்து நின்றார்.

"என் மாணவி பெயர் வாசித்துக்கொண்டிருக்கிறாள், டாக்டர். காத்திருங்கள்."