ஒட்டு மீசை வழக்கு

ரொம்பக் காலத்துக்கு முன்னால், புன்னைவளநாடு என்ற நாட்டை மீசைக்குப் பேர்போன ஒரு ராஜா ஆண்டுவந்தார். விக்கிரமகேசரி என்று பெயர். வெளிநாட்டுத் தூதர்கள் வந்தால் முதலில் மீசைக்கு ஒரு கும்பிடு, பிறகுதான் ராஜாவுக்கு.

அந்த மீசை ஒட்டு மீசை. ஆட்டு முடியில் செய்தது. தினமும் காலையில் பிசின் தடவி அதை ஒட்டிவிடுகிறவன் அறைப் பணியாள் காத்தவன். இந்தச் சங்கதி ராஜாவுக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும். மகாராணிக்கும் தெரியும், ஆனால் அது ராஜாவுக்குத் தெரியாது.

ஒரு கோடையில் பிசினும் வேர்வையும் சேர்ந்து ராஜாவின் மேலுதடு பலாச்சுளை மாதிரி வீங்கிவிட்டது. காத்தவன் வைத்தியர் வீட்டுக்கு ஓடினான். என்ன பட்டு வீங்கியது என்று தெரியாமல் மருந்து தரமாட்டேன் என்றார் வைத்தியர். வேறு வழியில்லாமல் காதோடு காதாகச் சொன்னான். மருந்து கிடைத்தது, வீக்கமும் வடிந்தது.

ஆனால் அன்று வைத்தியர் வீட்டுத் திரைக்குப் பின்னால் முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு படுத்திருந்தார் அரசவைப் புலவர் சர்வார்த்த நாவலர். அவருக்குக் காது கூர்மை. அதோடு, வேலை இல்லாத ஒரு மைத்துனனும் உண்டு.

மறுநாளே ராஜாவிடம் போய்க் காதைக் கடித்தார். “மகாராஜா, காத்தவன் தங்கள் ரகசியத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டான்.”

ராஜாவுக்கு வந்த கோபத்தில் மீசையின் ஒரு முனை கழன்றே விட்டது. “பிடியுங்கள் அவனை! விசாரணைக்கு ஏற்பாடு செய்யும்!”

காட்டிக்கொடுத்தவனை நாடு கடத்தவேண்டும் என்பது அங்கே சட்டம். காத்தவன் மனைவி பிள்ளைத்தாய்ச்சி. அவள் அமைச்சர் தாண்டவராயர் வீட்டு வாசலில் வந்து விழுந்து அழுதாள். “எழுந்திரு தாயி, பார்க்கலாம்” என்றார் அவர்.

அந்த நாட்டில் இன்னொரு வழக்கமும் இருந்தது. குற்றம் இன்னதென்று வீதிவீதியாக முரசறைந்த பிறகுதான் விசாரணை நடக்கும். அறிவிப்பை நாவலரே ஆசை ஆசையாக எழுதிக் கொடுத்தார்.

“டும் டும்! நம் மகாராஜாவின் மீசை ஒட்டு மீசை என்கிற பரம ரகசியத்தைக் காத்தவன் என்பவன் காட்டிக்கொடுத்துவிட்டான்! டும் டும்!”

மதியத்துக்குள் ஊரில் தொட்டில் குழந்தைக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

சபை கூடியது. உட்கார்ந்ததிலிருந்தே ராஜாவுக்கு நெளிச்சல்.

“ஏன் எல்லோரும் என் உதட்டையே பார்க்கிறீர்கள்? ஆமாம், ஒட்டு மீசைதான்! அதற்கென்ன இப்போது?”

தாண்டவராயர் எழுந்தார். “காத்தவா, யார் யாரிடம் சொன்னாய்?”

“வைத்தியரைத் தவிர ஒருத்தரிடமும் இல்லை சாமி.”

“வைத்தியரே, நீர்?”

“நான் என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை ஐயா. அவள்தான் இன்று காலை என்னிடம் வந்து சொன்னாள். முரசில் கேட்டாளாம்.”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள்.

“நாவலரே, இவன் வைத்தியரிடம் சொன்னான். அதுவும் காட்டிக்கொடுத்ததும் ஒன்றா?”

நாவலர் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். “தமிழ் தெரியாதவர் கேட்கிற கேள்வி இது! மறைந்தது வெளியே வந்துவிட்டால் எல்லாம் ஒன்றுதான். சொன்னாலும், தெரிவித்தாலும், வெளியிட்டாலும், போட்டு உடைத்தாலும் காட்டிக்கொடுத்ததே. சொல் பல, பொருள் ஒன்று.”

“உறுதிதானா?”

“என் பட்டத்தின் மேல் ஆணை!”

“நல்லது. காவலர்களே, ஒரு வண்டி போதாது, இன்னும் சில வண்டி கட்டுங்கள். காத்தவன் ஒருவரிடம் சொன்னான், நாடு கடத்துவோம். முரசறைந்தவன் ஊருக்கே சொன்னான், அவனையும் ஏற்றுங்கள். எழுதிக் கொடுத்த நாவலருக்கு முன்னால் இடம் போடுங்கள். அப்புறம்...” அமைச்சர் தயங்கினார். “சற்று முன் சபை நடுவே, ஆமாம் ஒட்டு மீசைதான் என்று ஒருவர்...”

“என்னையா?” ராஜா பாதி எழுந்துவிட்டார். “என் நாட்டிலிருந்தே என்னையா?”

“ஐயோ, இல்லை மகாராஜா!” நாவலர் பதறினார். “தாங்கள் ஒப்புக்கொண்டீர்கள்! அது வேறு!”

“ஓஹோ, வேறா?” என்றார் தாண்டவராயர். “அப்படியானால் முரசறைந்தவன்?”

“அவன்... அறிவித்தான். கொடுத்ததைப் படித்தான், பாவம்.”

“காத்தவன்?”

நாவலர் சால்வை நுனியைத் திருகினார்.

“சொல்லும் ஐயா!” ராஜா உறுமினார்.

“சொன்னான், மகாராஜா. தங்கள் நோய் தீர, சொல்லவேண்டியவரிடம் சொன்னான்.”

“அப்போது காட்டிக்கொடுப்பது என்றால் என்ன?” என்று கேட்டார் தாண்டவராயர்.

“நம்பினவர் தலைகுனியும்படி, தன் ஆதாயத்துக்காக...” என்று ஆரம்பித்த நாவலர் பாதியில் நின்றுவிட்டார். அவர் கண் போன பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். வாசலில் புதுத் தலைப்பாகையும் சீப்புப் பெட்டியுமாக ஓர் ஆள் நின்றான்.

“யாரப்பா நீ?”

“நாளையிலிருந்து மீசைக்கு நான்தான் மகாராஜா! வந்து நில்லடா என்று அத்தான் சொன்னார்” என்று நாவலரைப் பார்த்து மைத்துனன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

ராஜா மீசையைப் பிய்த்து நாவலர் மடியில் எறிந்தார். “மறைந்ததை வெளியே இழுக்க இத்தனை சொல் வைத்திருக்கிறீரே, வெளியே வந்ததைத் திரும்ப மறைக்க ஒரு சொல் கண்டுபிடித்து வாரும். அதுவரை அரண்மனைப் பக்கம் வரவேண்டாம்!”

தன் கையிலிருந்த பொன் கடகத்தைக் கழற்றித் தாண்டவராயருக்குப் போட்டார். காத்தவனைப் பார்த்து, “வீட்டுக்குப் போய் உன் மனைவியிடம் சொல்லிவிட்டு வா. வந்ததும் அந்தப் பிசின் சட்டியை ஆற்றில் எறி” என்றார்.

நாவலர் இன்னும் அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறாராம்.

மறுநாள் மொட்டை உதட்டோடு ராஜா கொலுமண்டபத்துக்கு வந்தார். பார்த்தால், சபையில் பாதிப் பேருக்கு மீசை இல்லை. ராஜவிசுவாசத்தில் மழித்தார்களா, தைரியம் வந்து கழற்றினார்களா என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை.