வெள்ளைப் பட்டியில் ஒரு கருப்புக் குட்டி

முதலில் சத்தத்தைக் கேளுங்கள். ஆட்டைப் பிறகு பார்க்கலாம்.

சர்ர்... சர்ர்... சர்ர்...

மண்கலயத்தின் அடியில் பால் விழுகிற சத்தம் அது. கலயம் வெறுமையாக இருக்கும்போது உரக்கக் கேட்கும். நிறைய நிறையத் தணியும். கடைசியில் நுரைக்குள் விழுந்து ஒன்றுமே இல்லாததுபோல் ஆகிவிடும். ஆள் முகம் தெரியாத விடியலில்கூட, எந்த ஆட்டில் எவ்வளவு பால் என்று காது சொல்லிவிடும். அந்தச் சத்தம் தணிந்து தணிந்து விழுந்த நல்ல காலத்தில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே, உடைமரமும் கல்லுமாகக் கிடந்த பொட்டலில், அக்கம்பக்கம் இல்லாமல் ஒரு குடிசை. வீரணன் என்ற ஆட்டுக்காரனும் அவன் பெண்டாட்டி காமாயியும், பேச்சி என்ற சின்ன மகளும் அதில் இருந்தார்கள். பட்டியில் பத்துப் பன்னிரண்டு கறவை ஆடுகள். கருப்பு, செவலை, வெள்ளை, புள்ளி. ஒன்றைப்போல் ஒன்று இராது.

காமாயிக்கு ஒரு குறை. பிள்ளை பெறுவாள், மார்பில் பால் ஊறாது. தலைப்பிள்ளை அப்படித்தான் மண்ணுக்குப் போனது. அடுத்துப் பிறந்த பேச்சி பிழைத்தது, கரியாள் என்ற கருப்பாட்டின் பாலில். கரியாளுக்கு மடி குடம்போல் இருக்கும். பிள்ளை அழுதால் மேய்ச்சலை விட்டுவிட்டு வந்து வாசலில் நிற்கும்.

அந்தக் காட்டு ஆட்டுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண் எடுத்த ஊரில்தான் கிடாவும் எடுப்பார்கள். ஒரு மழைக்காலம் ஒரு பட்டியில் பெட்டைகளோடு நின்ற பொலிகிடா மறுமழைக்கு அங்கே நிற்காது. அதன் மகள்கள் பருவத்துக்கு வருவதற்குள் மச்சான் பட்டிக்கு மாறிப் போகும். அங்கிருந்து வேறொன்று வரும். வீரணனுக்கு மச்சான், காமாயியின் அண்ணன் கழுவன். அக்கரையில் ஒரு பகல் நடைத் தொலைவில் இருந்தான்.

அந்த நாட்டுக்கு ஓர் அரசன். புதிதாக ஓர் அரண்மனை கட்டி, முட்டை ஓடுபோல் வெள்ளைச் சாந்து பூசியிருந்தான். மேல்மாடத்தில் நின்றால் கண்ணில் படுவதெல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. வெள்ளைப் புறா வளர்த்தான். வெள்ளைக் குதிரை வாங்கினான். பிறகு எதிரே இருந்த ஆற்றோரப் புல்வெளியைப் பார்த்தான். பறையறைந்து சொல்லச் சொன்னான்: "மூன்றாவது மழைக்குப் பிறகு அரசர் வருவார். ஒரு கருப்பு மயிர்கூட இல்லாத வெள்ளைப் பட்டி யாரிடம் இருக்கிறதோ, ஆற்றோரப் புல்வெளி அவன் பிள்ளைகுட்டிக்கு என்றென்றைக்கும் சொந்தம்."

வீரணன் அன்று முழுக்க அந்தப் புல்லையே நினைத்துக்கொண்டிருந்தான். கோடையிலும் காயாத புல். முழங்கால் உயரப் புல்.

மறுநாளே பட்டியைக் கழிக்க ஆரம்பித்தான். செவலை போனது. புள்ளி போனது. கடைசியில் கரியாளின் கழுத்துக்கும் கயிறு வந்தது.

"பேச்சிக்கு மொலை குடுத்தவளைக் கறிக்காரன்கிட்டக் குடுக்குறியே, ஒனக்குக் கை வருதாய்யா?" என்றாள் காமாயி.

"வெள்ளையாட்டுப் பாலும் வெள்ளைதான், கருப்பாட்டுப் பாலும் வெள்ளைதான். பிள்ளை என்ன நெறம் பாத்தா குடிக்குது?" என்றான் அவன்.

"பிள்ளை பாக்கல. நீதான் பாக்குறே."

கரியாள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அதன் வயிற்றில் பிறந்த ஒரு வெள்ளைப் பெட்டை மட்டும் பட்டியில் தங்கியது.

முதல் மழை பெய்தது. கழுவன் ஒரு செவலைக் கிடாவைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"மாப்ளே, கிடா மாத்த வந்தேன்."

"இந்த மழைக்கு வேணாம் மச்சான். இருக்கற வெள்ளைக் கிடாவே நிக்கட்டும்."

"ஏன், இன்னும் மறுவீடு முடியலையோ ஒங்க கிடாவுக்கு?" என்று சிரித்துவிட்டுக் கழுவன் திரும்பிப் போனான்.

இரண்டாம் மழை பெய்தது. கழுவன் ஒரு புள்ளிக் கிடாவைப் பிடித்துக்கொண்டு வந்தான். இந்த முறை சிரிப்புக் குறைவு.

"அப்பனே மகளைக் கட்டிக்கிட்டுத் திரியுது ஒன் பட்டியில. நீ மட்டும் எதுக்கு மாப்ளே ஆத்தைத் தாண்டி வந்து எங்க வீட்டுல பொண்ணு எடுத்தே?"

"ஆட்டுக்கு என்ன மச்சான் மொறை?"

"ஆட்டுக்குத் தெரியாதுதான். ரத்தத்துக்குத் தெரியும்."

வீரணன் கேட்கவில்லை. அவன் பட்டியில் குட்டிகள் பாலாடைபோல் பிறந்துகொண்டிருந்தன. முதல் மழைக் குட்டிகளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தான். இரண்டாம் மழைக் குட்டிகளில் சிலவற்றுக்குத் தலை நிற்கவில்லை. பனி என்றான். மூன்றாம் மழைக்கு முன்னால் ஒன்று கண் இல்லாமல் பிறந்தது, நாலைந்து காது கேட்காமல் வளர்ந்தன, பெட்டைகளின் மடி வற்றல்போல் சுருங்கியது. கண்ணேறு என்றான். கலயத்தின் அடியில் பால் விழுகிற சத்தம் இப்போது உரக்கவே கேட்டது. தணிகிற அளவுக்குக் கலயம் நிறைவதே இல்லை.

கரியாளின் பேத்தி ஒன்று மட்டும் விலக்கு. உடம்பு வெள்ளை, மடி மட்டும் கரியாளின் மடி.

மூன்றாம் மழை பெய்தது. கழுவன் ஒரு கருங்கிடாவைப் பிடித்துக்கொண்டு வந்தான். வீரணன் மேய்ச்சலில் இருந்தான். காமாயிக்கு அப்போது வயிற்றில் ஐந்து மாதம். தன் மார்பைத் தானே அறிந்தவள் அவள்.

"அண்ணே," என்றாள், "பேச வேணாம். அந்தக் கிடாவைப் பட்டிக்குப் பின்னால கட்டு."

கரியாளின் பேத்தி பருவத்துக்கு வந்து காலையிலிருந்து வாலை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்ததால், வீட்டோடு கட்டிப்போட்டிருந்தார்கள். காமாயி அதை அவிழ்த்துக் கொண்டுபோய் விட்டாள். தான் பெறுகிற மாதத்தில் அதுவும் ஈன வேண்டும். வீரணன் மூன்று மழையாகப் போட்ட திட்டத்துக்கு எதிராக அவள் போட்ட திட்டம் அவ்வளவுதான்.

காமாயிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. மார்பு காய்ந்துதான் இருந்தது. மறுநாளே பேத்தியாடு ஈன்றது. ஒரே குட்டி. விழுந்த வேகத்தில் எழுந்து நின்று மடியை முட்டியது. மை பூசியதுபோல் கருப்பு.

வீரணன் குட்டியைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். "இது ஒங்கண்ணன் வேலையா?"

"என் வேலை. இந்தக் குட்டி முட்டினாத்தான் அதுக்குப் பால் எறங்கும். ஒன் மகன் வயிறு இந்தக் குட்டி வாயில இருக்கு. தொட்டுறாதே."

கலயத்தில் சத்தம் தணிந்து விழுந்தது. பிள்ளை குடித்துவிட்டுத் தூங்கியது.

அந்த வாரமே பறை கேட்டது. நாளைக்கு அரசர் வருகிறார்.

விடிவதற்குள் வீரணன் குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடைப் பள்ளத்துக்குப் போனான். பாறை இடுக்கில் தழை பரப்பி அதை விட்டான். நரி நுழையாதபடி கல்லை நகர்த்தி அடைத்தான். ஒரு பகல்தானே, அந்தியில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தான். கொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அதை நான் மறைக்க மாட்டேன்.

"குட்டி எங்கே?" என்றாள் காமாயி.

"நரி கொண்டு போயிருச்சு." இது முதல் பொய்.

"நரி வந்தா பட்டி கத்தாதா?"

"அதுகளுக்குத்தான் காது கேக்காதே."

சிறிது நேரத்தில் அரண்மனைக் காவலாள் ஒருவன் வேலோடு வந்து பட்டி வாசலில் உட்கார்ந்தான். "அரசர் வந்து போற வரைக்கும் ஆளும் ஆடும் இந்த எடத்தை விட்டு நகரப்படாது. சில பயலுக ஆட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறானுகளாம். ஒருத்தன் அடிச்சு, ஆடே வெந்துபோச்சு," என்றான்.

அரசர் அன்று வரவில்லை. நேரம் சரியில்லையாம், நாளைக்கு என்று ஆள் வந்து சொன்னான். பேத்தியாடு ஓடைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கத்தியது. காமாயி கறந்தாள். பாதிக் கலயம். பிள்ளை பகலெல்லாம் அழுதது.

அடுத்த நாளும் வரவில்லை. வானம் மப்பாம், வெள்ளையை வெயிலில்தான் பார்க்க வேண்டுமாம். ஆடு மடியை இறுக்கிக்கொண்டது. நாலு சொட்டு. மற்ற ஆடுகளின் மடியில் அதுவும் இல்லை. காமாயி கஞ்சித்தண்ணீரைத் துணியில் நனைத்து வாயில் வைத்தாள். பிள்ளை கக்கிவிட்டுப் பூனைக்குட்டிபோல் முனகியது.

"ஏம்ப்பா," என்று கேட்டான் காவலாள், "அந்த ஆடு ஏன் அந்தத் திக்கையே பாத்துக் கத்துது?"

வீரணன் வாயைத் திறந்தான். சொல்லியிருந்தால் காவலாள் அவனை ஓடைக்கு ஓட விட்டிருப்பான். அவனும் பிள்ளை பெற்றவன். ஆனால் முழங்கால் உயரப் புல் கண்ணில் நின்றது.

"அந்தப் பக்கம் பசும்புல் வாசம்," என்றான் வீரணன். இது இரண்டாவது பொய்.

மூன்றாம் நாள் வெயில் அடித்தது. பிள்ளை அழவில்லை.

அரசன் வெள்ளைக் குதிரையில் வந்தான். இறங்கவில்லை. பட்டியைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான். "அழகு," என்றான். பிறகு கேட்டான்: "இந்த வருசம் ஒரு கருப்புக்கூடப் பிறக்கவில்லையா?"

"இல்லை மகாராசா."

இது மூன்றாவது பொய். புல்வெளி அவனுக்கு ஆயிற்று.

குதிரைத் தூசி அடங்குவதற்கு முன்னால் வீரணன் ஓடைக்கு ஓடினான். கல்லைப் புரட்டினான். குட்டி கிடந்தது. பாறையில் ஈரம் கசிந்த இடத்தை நக்கி நக்கி, நாக்கு அதிலேயே ஒட்டியிருந்தது. இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

காமாயி மகனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் வாய் லேசாகத் திறந்திருந்தது. மூச்சு இல்லை. அவள் நிமிர்ந்து அவன் கையிலிருந்த கருப்பைப் பார்த்தாள்.

"நரி திருப்பிக் கொண்டாந்து குடுத்துருச்சா?" என்று கேட்டாள்.



பிள்ளையை உடைமரத்தடியில் புதைத்தார்கள். குட்டியைப் புதைக்க முடியவில்லை. பேத்தியாட்டின் மடி பால் கட்டிக் கல்லாகிக் கிடந்தது. அப்படியே விட்டால் மடி அழுகி ஆடும் சாகும். வீரணன் குட்டியின் தோலை உரித்தான், உப்புத் தடவிக் காயவைத்தான், உள்ளே வைக்கோலைத் திணித்துத் தைத்தான். நாலு குச்சிக் கால் கொடுத்து ஆட்டுக்கு முன்னால் நிறுத்தினான். ஆடு மோந்து பார்த்தது. நக்கியது. மடி மெல்ல இளகியது.

பட்டி புல்வெளிக்கு மாறியது, வைக்கோல் குட்டியும் கூடவே போனது. கொஞ்ச நாளில் அதே காவலாள் வந்தான். "மேல்மாடத்துலருந்து பாத்தா புல்வெளியில கருப்பா ஒண்ணு தெரியுதாம். அரசர் கேக்கச் சொன்னார். என்னப்பா அது, கல்லா, நெழலா?" கல் என்று சொல் என்பதுபோலத்தான் கேட்டான்.

"கல்லில்லய்யா. நெழலும் இல்ல. எங்க பட்டியில பொறந்த குட்டி. நாந்தான் மறைச்சு வச்சுக் கொன்னேன்," என்றான் வீரணன்.

அன்று அந்தியிலேயே புல்வெளி போயிற்று. காது கேளாத ஆடுகளைத் தொட்டுத் தொட்டுத் திருப்பி, பழைய பொட்டலுக்கு ஓட்டி வந்தார்கள். வைக்கோல் குட்டியைப் பேச்சி தூக்கி வந்தாள். குடிசை வாசலில் கழுவன் ஒரு கருங்கிடாவோடு நின்றான். இந்த முறை கேலி பேசவில்லை. கிடாவைக் கட்டினான். வீரணனின் வெள்ளைக் கிடாவை அவிழ்த்தான். போய்விட்டான்.

கண்ணுக்கு ஒரே நிறம் வேண்டும் என்று உயிரைக் கழிக்கிறவன் வீட்டில், நிறம் மிஞ்சும், உயிர் மிஞ்சாது.

மறுநாள் விடியலில் காமாயி எழுந்து கலயத்தைக் கழுவினாள். வைக்கோல் குட்டியைத் தூக்கி ஆட்டின் முகத்துக்கு நேராக வைத்தாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மடியில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, கலயத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கினாள்.

சர்ர்... சர்ர்...