கதிரைப் பிரித்துப் பார்த்த பூதன்

கொஞ்சம் அசையாமல் உட்காருங்கள், இந்தக் கதைக்கு அது வேண்டும். வெகு காலத்துக்கு முன்பு சமவெளி நாடு ஒன்றை ஆண்ட அரசனிடம் மூன்று மலைக்குடிகள் வந்து நின்றன. அவர்களுடைய மலை சரிந்துவிட்டது. கையில் மிஞ்சியது மக்காச்சோள விதை மட்டும். ஒரு குடியிடம் சிவப்பு, ஒரு குடியிடம் கறுப்பு, ஒரு குடியிடம் வெள்ளை.

"மலையில் விளைந்தது இங்கே விளையுமா? ஒரு பருவம் பார்ப்போம். எந்த விதை விளைகிறதோ அந்தக் குடிக்கு நிலம். விளையாத விதைக்காரர்கள் வேறு நாடு பார்க்கட்டும்" என்றான் அரசன்.

சோதிக்கும் பொறுப்பு அதிகாரி பூதனுக்கு வந்தது. நல்லவன்தான். ஆனால் கால் ஓரிடத்தில் நிற்காது, கை சும்மா இருக்காது.

ஊர் மக்காச்சோளம் தொண்ணூறு நாளில் முற்றியது. மலைச் சோளம் முற்றவில்லை. பூதனுக்குச் சோறு இறங்கவில்லை. விளையாமல் போனால் இந்த ஜனங்கள் எங்கே போவார்கள்? ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை. சிவப்புக் கதிர்களின் தோலைப் பிரித்து மணி முற்றியதா என்று பார்த்தான். கறுப்பையும் பிரித்தான். காலையில் பார்த்தான், உச்சியில் பார்த்தான், மாலையில் பார்த்தான். வெள்ளை விதைத்த வயல் வாய்க்காலுக்கு அப்பால் இருந்தது. வாய்க்காலில் வெள்ளம் வந்ததால் அங்கே போக முடியவில்லை.

அறுவடையில் வெள்ளை மட்டும் களம் நிறைய விளைந்திருந்தது. பிரித்த கதிர்களுக்குள் கிளி புகுந்தது, புழு புகுந்தது, மழை புகுந்தது. மற்ற இரண்டும் பாதிகூடத் தேறவில்லை.

இரண்டு குடிகளும் அழுதுகொண்டே மூட்டை கட்டின. பூதன் சபையில் போய் நின்றான். சொன்னால் பதவி போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

"அரசே, விதை தோற்கவில்லை. நான்தான் பொறுக்கமாட்டாமல் கதிர்களைப் பிரித்துப் பிரித்துக் கெடுத்தேன்" என்றான்.

அரசன் அவன் பதவியைப் பறித்தான். இரு குடிகளுக்கும் இன்னொரு பருவம் கொடுத்தான். அதுவரை பூதன் வீட்டுத் தானியக் குதிரிலிருந்தே அவர்களுக்குச் சோறு என்றான். மூன்றுக்கும் பூதன் தலையாட்டினான்.

விதைப்பு நாளில் அவன் வரப்பில் வந்து நின்றான். கறுப்புச் சோளக் குடியின் தலைவி வெள்ளச்சி கும்பிட்டாள்.

"அய்யா, எங்களுக்காக உண்மையைச் சொன்னீங்க, ஏழேழு தலைமுறைக்கும் மறக்க மாட்டோம். ஆனா அறுக்கற வரைக்கும் இந்தப் பக்கம் மட்டும் வந்துராதீங்க."

பூதன் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டிலேயே கிடந்தான். சிவப்பும் கறுப்பும் களம் கொள்ளாமல் விளைந்தன.

சோதிக்கிறவனுக்குப் பொறுமை இல்லாவிட்டால் நல்ல விதையும் தோற்றுப்போகும்.