ராஜாவின் கணப்புக்குத் திருஷ்டி

முன்னொரு காலத்தில், மார்கழி பிறந்தால் வெளியே வைத்த தண்ணீர் உறைந்து கல்லாகிவிடும் ஒரு மலைநாட்டை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. உலகத்திலேயே அவனுக்குப் பிடித்த சுகம், விறகு எரியும் கணப்பின் முன்னால் காலை நீட்டி உட்காருவது. பிடித்த சுகம் என்றுதான் சொன்னேன், கிடைத்த சுகம் என்று சொல்லவில்லை.

சபா மண்டபத்தின் லட்சணம் அப்படி. கூரை இரண்டு பனை உயரம். கணப்போ, உள்ளே ஒரு குதிரையைக் கட்டலாம், அவ்வளவு பெரிது. ராஜமரியாதை என்று ஒன்று இருக்கிறதே, அதனால் மற்றவர்கள் எல்லாம் ராஜாவுக்குப் பத்தடி பின்னால். ராஜாவுக்கு முன்பக்கம் வேகும், முதுகு விறைக்கும். சபையோருக்கு இரண்டு பக்கமும் விறைக்கும்.

அந்தக் கணப்பை மூட்டிக் காத்தவள் வெள்ளச்சி. மலையடிக் குடிசைக்காரி. ஒருநாள் சாயங்காலம் ராஜா மாறுவேடம் போட்டுக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினான். போன இடத்தில் வெள்ளச்சியின் மகள் பூங்காவி வீட்டுக்குள் எட்டிப் பார்த்துத் தொலைத்தான். சின்னக் குடிசை, நடுவில் நாலு சுள்ளி எரிகிறது. சுற்றி எட்டுப் பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டுத் தின்று சிரிக்கிறார்கள். பூங்காவி மடியில் பத்து நாள் பிள்ளை துணிகூட இல்லாமல் தூங்குகிறது. ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. என் கணப்பில் வண்டி வண்டியாக விறகு எரிகிறது, சுகம் மட்டும் இங்கே எப்படி வந்தது என்று மறுநாள் சபையில் குதித்தான்.

அரண்மனை மேற்பார்வை உத்தண்டராயருக்கு இது போதும். இந்த அரண்மனையில் உருப்படியாக வேலை செய்வது வெள்ளச்சி ஒருத்திதான் என்று ராஜா என்றோ வாய் தவறிச் சொல்லியிருந்தான். அன்றிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, விறகின் சூட்டை இந்த ஜனங்கள் முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். சக்கையைத்தான் நமக்கு அனுப்புகிறார்கள்" என்றார்.

இதை நம்பலாமா? ராஜா நம்பினான். இனிமேல் காட்டில் விழுந்து கிடக்கும் சுள்ளியைக்கூடக் குடிகள் தொடக்கூடாது என்று அன்றே தண்டோரா போட்டுவிட்டார்கள்.

குடிசைகளில் இருந்த விறகு ஒரு வாரத்துக்குத்தான் வந்தது. பூங்காவியோ பச்சை உடம்புக்காரி. குளிர்ந்த அடுப்பைப் பார்த்தாள் வெள்ளச்சி. பேரப்பிள்ளை பிழைக்குமா என்று பயந்தாள். அழுது கேட்கலாம்தான். ஆனால் இந்த ராஜா அழுகிறவர்களைக் கண்டால் எழுந்து போய்விடுவான்.

அவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. சபையே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது ராயர் மட்டும் மெல்லிய மல் வேட்டியில் திரிந்தார். தினமும் உச்சிவேளையில், மகாராஜாவின் ஆயுளுக்கு ஜபம் செய்கிறேன் என்று மண்டபத்து மேல்மாடத்துக்கு ஏறுவார். இறங்கும்போது நெற்றிச் சந்தனம் வேர்வையில் கரைந்து மூக்கில் வழியும். கணப்பு மூட்டுகிறவளுக்குச் சூடு எங்கே போகும் என்று தெரியாதா?

எட்டாம் நாள் உச்சிவேளையில், ராயர் மேலே ஏறிய பிறகு, அவள் ராஜாவிடம் போனாள்.

"மகாராஜா, குடிகள் எட்டு நாளாகச் சுள்ளி தொடவில்லை. அப்படியும் உங்கள் முதுகு குளிர்கிறது. கணப்புக்கு யாரோ கண் போட்டிருக்கிறார்கள். திருஷ்டி கழிக்க வேண்டும்."

நம் ஊர் வழக்கம் தெரியுமே. உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டால் நெடி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் திருஷ்டி நிச்சயம். வழக்கமாக ஏழு மிளகாய். வெள்ளச்சி கொண்டுவந்தது அரை முறம். ராஜாவை மூன்று தரம் சுற்றி, கணப்பின் அடி ஆழத்தில் கொட்டினாள்.

புகை நேராக மேலே போனது. கீழே ஒரு தும்மல் இல்லை, ஒரு இருமல் இல்லை.

"நெடியே வரவில்லையே" என்று ராஜா வெளிறிப் போனான்.

அப்போது உச்சியில் ஒரு தும்மல் வெடித்தது. புறாக்கள் கூட்டமாகப் பறந்தன. அடுத்த தும்மலுக்குச் சுண்ணாம்பு உதிர்ந்தது. அப்புறம் எண்ண முடியவில்லை.

"யார் கண் என்று மேலேயிருந்து பதில் வருகிறது, மகாராஜா" என்றாள் வெள்ளச்சி, முறத்தைத் தட்டிக்கொண்டே.

ராஜா தானே படியேறினான். மேலே மெத்தை, இரண்டு தலையணை, ஒரு தட்டு முந்திரிப்பருப்பு. நடுவில் கண்ணும் மூக்கும் ஒழுக, இடுப்பில் ஒற்றைத் துண்டோடு உத்தண்டராயர். கையில் பனையோலை விசிறி.

"மார்கழியில் விசிறி எதற்கு, ராயரே?"

"ஜபத்தின் உஷ்ணம், மகாராஜா."

ராஜா சுவரில் முதுகைச் சாய்த்து நின்றான். பட்டம் கட்டிய நாளிலிருந்து முதல் தடவையாக அவன் முதுகு சூடானது. மூக்கெல்லாம் எரிந்தும் இறங்க மனம் வரவில்லை.

தீர்ப்பு அங்கேயே ஆனது. இத்தனை நாள் எனக்காக ஜபம் செய்து களைத்துவிட்டீர், குளிர்காலம் முடியும்வரை கீழே என் ஆசனத்தில் நீர் உட்காரும், ஜபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் ராஜா. அந்த ஆசனத்துக்கு ஆசைப்பட்டே கிழவரானவர் ராயர். ஏறி உட்கார்ந்தார், அதே மல் வேட்டியோடு. சபை முழுவதும் பத்தடி தள்ளி நின்று வணங்க, பல் கிடுகிடுக்க ஆசி வழங்கினார்.

வெள்ளச்சியை என்ன வேண்டும் என்று கேட்டான் ராஜா. காட்டுச் சுள்ளி வேண்டும் என்றாள். ராஜா கையை உயர்த்தி, காட்டு விறகை உனக்கும் உன் ஜனங்களுக்கும் பரிசாகத் தந்தோம் என்றான். எட்டு நாளுக்கு முன்னால் அவர்கள் பொறுக்கிக்கொண்டிருந்த அதே விறகு. வள்ளல், வள்ளல் என்று சபை அதிர்ந்தது. ஒரு புலவர் அதற்குள் வெண்பாவுக்கு எதுகை தேடத் தொடங்கிவிட்டார். வெள்ளச்சி நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டாள். மகள் குளிரில் காத்திருக்கிறாளே, வாய்விட்டுச் சிரிக்க நேரம் ஏது?

போகிற வழியில் ஒரு கட்டு பொறுக்கித் தலையில் வைத்துக்கொண்டு பூங்காவி வீட்டுக்குப் போனாள். அடுப்பை மூட்ட உட்கார்ந்தபோது, ராஜா என்ன பரிசு கொடுத்தார் என்று மருமகன் ஆசையாகக் கேட்டான்.

"நம்ம விறகை" என்றாள் வெள்ளச்சி, குனிந்து ஊதினாள்.