யாருடைய கண்

சடையாண்டிக்கு ஐம்பத்தாறு வயது. அவருக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஆக்னஸ் டீச்சருக்கு இருபத்துநாலு. திண்டுக்கல்லில் அவர் தெருவில் இதற்குச் சிரிக்காத ஆள் கிடையாது. சிரிச்சுட்டுப் போறாங்க, சிரிக்கிற மூஞ்சி எனக்குத் தெரியுதே, அது போதும் என்பார் மனிதர்.

கொய்யாப்பழ வண்டிக்காரர். இரண்டு கண்ணும் மங்கி, காசைத் தடவித் தடவி வாங்கிக்கொண்டிருந்தவர். மிசோரத்திலிருந்து வேலைக்கு வந்து விபத்தில் இறந்துபோன ஒரு பையனின் கண்ணை அவருக்கு வைத்தார்கள். கொடுக்கச் சம்மதித்தது பையனின் அம்மா. அந்தம்மா ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்க வருகிறார். தமிழ் தெரியாது, கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். நாலு வார்த்தை நன்றி சொல்லாவிட்டால் நானெல்லாம் ஒரு மனுஷனா என்றுதான் சடையாண்டி டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

பாடம் ஒழுங்காகத்தான் போனது. இங்கிலீஷில் ஒருவருடைய பொருள் என்றால் அவர் பேரின் வாலில் மேலே ஒரு கொக்கி போட்டு ஓர் எஸ் மாட்ட வேண்டும். இன்ன வகை என்று மட்டும் சொன்னால் கொக்கி வேண்டாம். அதானே, கொய்யா வண்டின்னா வண்டி கொய்யாவுக்குச் சொந்தமா என்று கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொண்டார். நன்றியை எழுத உட்கார்ந்து, கண் என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"என் கண்ணுன்னு சொன்னா பெத்த வயிறு துடிக்காதா டீச்சர்? உங்க மகன் கண்ணுன்னா அங்கேயே உட்கார்ந்து அழுதுரும். யாருதுன்னு நான் சொல்ல?"

ஆக்னஸ் உள்ளே போய் ஓர் எவர்சில்வர் தூக்கை எடுத்துவந்தாள். பக்கத்து வீட்டு நூர்ஜகான் முந்தின நாள் பாயசம் கொடுத்துவிட்ட தூக்கு. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"இது யாருது?"

"பேர் வெட்டியிருக்கே. நூர்ஜகானம்மாவுது."

"குடிச்ச பாயசம்?"

"அது குடிச்சவங்களுது."

அவள் தூக்கில் இரண்டு கை சர்க்கரையைப் போட்டு மூடினாள்.

கண் தூக்கு, பார்வை பாயசம்; சடையாண்டிக்கு இது புரியாதா என்ன? வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பி அனுப்புகிற வழக்கம் அவர் வீட்டிலும் இல்லை. ஆனால் இவ்வளவு பெரிய உபகாரத்துக்கு நன்றி சொல்லவே நாக்குப் புரளவில்லை.

"நான் எதைப் போட்டுத் திருப்புவேன் டீச்சர்? கொய்யாப்பழமா?"

"அதையும் குடுங்கய்யா. பேச்சு வரலைன்னாலும் பரவாயில்லை, அந்தம்மா முகத்தைக் கண்ணாரப் பாருங்க. மகன் அதைப் பார்த்து ரொம்ப நாளாச்சு."