குருவிமலை ராஜா மதுரை பார்த்த கதை

ஊர் பார்க்கும் பாக்கியம் ராஜாக்களுக்குக் கிடையாது. ஊர்தான் ராஜாவைப் பார்க்கும். குருவிமலைப் பாளையத்து ராஜா பொம்மையசாமிக்கு இது ரொம்ப நாள் தெரியாது.

நல்ல மனுஷர், நல்ல சாப்பாட்டுப் பிரியர். அவர் ஏறப்போகிறார் என்றால் பட்டத்து யானையே ஒரு பெருமூச்சு விடும் என்பார்கள். அவருக்கு இருந்தது ஒரே ஒரு குறை. மதுரையைப் பார்த்ததில்லை.

இதில் என்ன வெட்கம் என்று கேட்காதீர்கள். பெண் எடுத்ததே மதுரையில்தான்! கல்யாண நேரத்தில் எல்லையில் சண்டை. மாப்பிள்ளையால் நகர முடியவில்லை. அதனால் பாளையத்து வழக்கப்படி அவருடைய வாளை அனுப்பினார்கள். ராஜாவின் வாள் இருந்தால் ராஜாவே இருந்த மாதிரி. வாளை மணவறையில் வைத்து, மாலை போட்டு, அங்கயற்கண்ணி கழுத்தில் தாலி ஏறியது. அன்றிலிருந்து ராணி வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது.

“எங்க ஊர்ப் பொற்றாமரைக் குளத்தைப் பாத்திருக்கீங்களா? அடடா, மறந்துட்டேன். உங்க வாள்தானே பாத்துச்சு!”

ஒருநாள் ராஜா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். பாதிச் சாப்பாட்டில்! அரண்மனையே கலங்கிப்போயிற்று.

“மாசி பௌர்ணமிக்கு நான் மதுரைக்குப் போறேன். ஊரைக் கண்ணாரப் பாக்காம திரும்ப மாட்டேன்!”

பயணத்தைத் திட்டமிடும் வேலை பிரதானி ஆதிமூலத்துக்கு வந்தது. மாலை மரியாதை என்றால் உயிரை விடுகிற ஆள் அவர். மறுநாள் சபையில் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“விடிஞ்சதும் கோட்டை வாசல்ல பூரண கும்பம். அப்புறம் பரிவட்டம். அப்புறம் வணிகர்கள் மாலை. புலவர்கள் வாழ்த்துப்பா. மத்தியானம் மாமனார் வீட்டு வாசல்ல ஆரத்தி. மறுபடி வாழ்த்துப்பா. பொழுது சாயுறப்போ...”

“இதுல நான் ஊரைப் பாக்குறது எப்போ?”

“அதான் யானை மேல ஊர்வலம் போறோமே, மகாராஜா!”

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அரசவை விகடன் உத்தண்டன்தான்.

“யானை மேல போனா குடைக் குஞ்சம் தெரியும், மகாராஜா. கீழே குனிஞ்ச தலைகள் தெரியும். ராஜா வர்றார்னா கடையை அடைச்சிருவாங்க. பணியாரம் சுடுறவகூட அடுப்பை அணைச்சிட்டுக் கும்பிட வந்துருவா.”

“பணியாரமும் கிடையாதா?” ராஜாவின் குரல் தழுதழுத்தது. “அப்போ மரியாதையெல்லாம் வேண்டாம்னு சொல்லிடுவோம்.”

“ஐயோ! பொண்ணு கொடுத்த ஊர். மரியாதையை மறுத்தா பகையாயிடும்” என்றார் ஆதிமூலம்.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எனக்கு ரெண்டும் வேணும்! உத்தண்டா, சிரிச்சியே, நாளைக்குள்ள வழி சொல்லு. இல்லேன்னா...”

“மீசையை எடுத்துடலாம், மகாராஜா” என்று ஆதிமூலம் எடுத்துக்கொடுத்தார். “ஒரு பக்கம் மட்டும்.”

உத்தண்டன் ஆடிப்போனான். தினமும் வெண்ணெய் தடவி வளர்த்த மீசை அது. பெற்ற பிள்ளையைக்கூட அவன் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று அவன் பெண்டாட்டிக்கே வருத்தம்.

மறுநாள் அவன் சபைக்கு வந்தபோது நாவிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். உத்தண்டன் அந்தப் பக்கமே பார்க்காமல் ராணியைக் கும்பிட்டான்.

“அம்மா, உங்க கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு மரியாதை ஏதாவது குறைஞ்சுதா?”

“ஒண்ணும் குறையலை. வாளுக்கு நலங்குகூட வெச்சாங்க.”

“கேட்டீங்களா, மகாராஜா? தாலி கட்டவே வாள் போதும்னா, மாலை வாங்கிக்க போதாதா? வாள் யானை மேல போகட்டும். நீங்க வேட்டி துண்டோட தெருவுல போங்க. வழிகாட்ட அம்மா கூடவே வரட்டும்.”

ராஜா சிம்மாசனத்திலிருந்து குதித்தே விட்டார். நாவிதர் கத்தியை மடக்கினார்.

“ஆனா வாளைத் தனியா அனுப்பக்கூடாது” என்றான் உத்தண்டன். “பிரதானி மடியில வெச்சுக்கிட்டு உக்காரணும்.”

ஆதிமூலத்துக்கு வாயெல்லாம் பல்.

மாசி பௌர்ணமி அன்று மதுரையில் ராஜா அடித்த கூத்தை என்னவென்று சொல்வது! ஆயிரங்கால் மண்டபத்தில் தூணுக்குத் தூண் நின்றார். ராணி வளையல் கடையில் பேரம் பேசியதை வாய் பிளந்து பார்த்தார். ஒரு வண்டிக்காரன், “யோவ், ஓரமாப் போய்யா!” என்று கத்தினான்.

“என்னைத்தான் திட்டினான்! அங்கயற்கண்ணி, என்னைத்தான்!” என்று ராஜா பூரித்துப்போனார்.

இலையில் சுடச்சுடப் பணியாரத்தோடு நின்றபோது கொம்பு முழங்கியது. அவருடைய ஊர்வலமேதான்! காவலன் ஒருவன் அவரைப் பிடித்துத் தள்ளி, “கும்பிடும்யா! குருவிமலை மகாராஜா வர்றார்” என்றான். வாய் நிறையப் பணியாரத்தோடு ராஜா தன் வாளைத் தானே கும்பிட்டார். யானை மேல் மூக்குவரை மாலை ஏறிய ஆதிமூலம் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு புலவர் அப்போதுதான் காப்புச் செய்யுளை முடித்திருந்தார்.

ராணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “அந்த வாள் தாலிதான் கட்டுச்சு. ஒரு முழம் பூ வாங்கித் தரலை” என்றாள். ராஜா ஒரு கூடை மல்லிகையையே வாங்கிவிட்டார்.

குருவிமலைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, உத்தண்டன் மீசைக்கு ஆயுள் முழுக்க அரண்மனை வெண்ணெய் என்று உத்தரவு போட்டார். பிறகு ஆதிமூலத்தைக் கூப்பிட்டார். பிரதானியால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

“மதுரை எப்படி இருந்தது, பிரதானி?”

“யானைக் காதைப் பாத்தேன், மகாராஜா. வேற ஒண்ணும் பாக்கலை.”

“மாமியார் வீட்டுல ஆரத்தி எடுத்தாங்களா?”

“எடுத்தாங்க. வாளை ஏற இறங்கப் பாத்து, கன்னத்துல விரலை வெச்சு, திருஷ்டியும் கழிச்சாங்க.”

“ஏதாவது சொன்னாங்களா?”

ஆதிமூலம் ராஜாவின் தொப்பையை ஒரு தரம் பார்த்தார்.

“‘கல்யாணத்தன்னைக்குப் பாத்த மாதிரியே இருக்கார் எங்க மாப்பிள்ளை. ஒரு சுத்துகூடப் பெருக்கலை’ன்னாங்க, மகாராஜா.”