மருத மரத்தடியில் ஆமை

ஒரு காட்டுல, பிள்ளைங்களா, ஆத்துக்கு இக்கரையிலயும் அக்கரையிலயும் காட்டுப்பன்னிங்க இருந்துச்சு. பெருசுங்க கிழங்கு தோண்டிச்சு. இளசுங்க சண்டை போட்டுச்சு. போன மாசம் ஒரு இளம்பன்னி குத்துப்பட்டுச் செத்தே போச்சு.

காட்டுச் சபை கூடிச் சிறுத்தையைக் காவலுக்குப் போட்டுச்சு. வேகத்துல அதை மிஞ்ச ஆளில்லை. சத்தம் கேட்டா ஒரே பாய்ச்சல்ல வந்து நிக்கும். வந்து, "இங்க சண்டை நடந்திருக்கு"ன்னு சொல்லும்.

ஆமைக்கு இது சரியாப் படலை. செத்த பன்னி அது கண்ணு முன்னாடிதான் விழுந்துச்சு. ஆமை ஒண்ணைக் கவனிச்சு வச்சிருந்துச்சு: இக்கரைப் பன்னி எதுவும் கரையோர மருத மரத்துல கோரைப்பல்லைத் தீட்டிக்காம சண்டைக்குப் போறதில்லை.

ஆமை அந்த மரத்துக்குக் கிளம்பிச்சு. போய்ச் சேரவே ரெண்டு நாள் ஆச்சு. பன்னிங்க பல் தீட்ட நிக்கிற வேர் இடுக்குல போய் உட்கார்ந்துக்கிச்சு.

மறுநாள் காலையில செம்பட்டைங்கிற இளம்பன்னி புஸ்ஸு புஸ்ஸுன்னு வந்துச்சு. முந்தின நாள்தான் அக்கரைப் பன்னி ஒண்ணு அதோட தம்பி தொடையைக் கிழிச்சிருந்துச்சு.

"அக்கா, தள்ளு. பல்லைத் தீட்டணும்."

"தள்ளுறேன் தம்பி. கொஞ்சம் நேரமாகும்."

ஆமை ஒரு காலை எடுத்து வச்சுச்சு. அப்புறம் யோசிச்சுச்சு.

"கவுத்துப் போட்டுடுவேன்."

"போடு. நான் நிமிர்ந்து, எழுந்து, அப்புறம் தள்ளுறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். உன் இஷ்டம்."

செம்பட்டை பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னுச்சு.

"உன் தம்பி காயத்துல சேறு பூசினியா?" ரெண்டாவது கால் நகர்ந்துச்சு.

"பூசணும்."

"ஈ மொய்க்குமே. பக்கத்துல யாரு?"

"யாருமில்லை. அம்மா கிழங்குக்குப் போயிருக்கு."

மூணாவது கால். "நீயும் அக்கரையில விழுந்துட்டா, அவனை யாரு தண்ணிக்குக் கூட்டிட்டுப் போவா?"

செம்பட்டை ஆத்தைப் பார்த்துச்சு. திரும்பித் தன் புதரைப் பார்த்துச்சு.

"இன்னும் ஒரு கால்தான் பாக்கி"ன்னுச்சு ஆமை.

"இருக்கட்டும்க்கா. சேறு பூசிட்டு வந்துடறேன்."

வரலை.

கொஞ்ச நேரத்துல, செம்பட்டை புஸ்ஸு புஸ்ஸுன்ன சத்தம் கேட்டுச் சிறுத்தை பாய்ஞ்சு வந்துச்சு. "எங்க சண்டை?"

"நடக்கலை."

"அப்ப நான் எதுக்கு வந்தேன்?"

"அதான் எனக்கும் தெரியலை"ன்னு ஆமை நாலாவது காலை எடுத்து வச்சுச்சு.

மறுவாரம் அக்கரைப் பன்னிங்க பல் தீட்டுற மரத்தடியிலயும், ஆமை மாதிரியே மெதுவா நகர்ற ஒரு தேவாங்கு போய் உட்கார்ந்துச்சு.

நீதி: சண்டை முடிஞ்சப்புறம் ஓடி வர்ற வேகத்தைவிட, சண்டைக்குக் கிளம்புறவன் வழியில முன்னாடியே உட்கார்ந்திருக்கிற பொறுமை பெருசு.